சுவருக்குள் இருக்கும் மாமா

"பணம் என்ன மரத்துலயா காய்க்குது?" என்று பிள்ளையைக் கேட்காத தகப்பன் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. என் அப்பா என்னைக் கேட்டார். நான் என் மகனைக் கேட்டேன். இப்போது மகன் அவன் மகளைக் கேட்கிறான். மூன்று தலைமுறையாக யாரும் பதில் சொன்னதில்லை. கேட்பவரும் பதிலை எதிர்பார்த்துக் கேட்பதில்லை. பலூனோ பம்பரமோ வாங்கித் தர முடியாது என்பதைத் தாவரவியல் வழியாகத் தெரிவிக்கும் முறை அது. ஆறு வயதான என் பேத்தி மட்டும் அதை நிஜமான கேள்வியாக எடுத்துக்கொண்டாள். "அப்ப எதுலப்பா காய்க்குது?" என்றாள்.

"தாத்தாகிட்ட கேளு, அவர்தான் பேங்க்ல கேஷியரா இருந்தவர்" என்று மகன் நழுவிவிட்டான். வந்த வேலையை அடுத்த மேஜைக்குத் தள்ளிவிடுவதில் அவன் சின்ன வயதிலிருந்தே கெட்டிக்காரன். ஐ.டி. கம்பெனியில் அதற்குச் சம்பளமே தருகிறார்கள்.

எனக்கும் பணத்துக்கும் உள்ள உறவு கொஞ்சம் விசித்திரமானது. கோவில்பட்டியில் ஹெட் கேஷியராக இருந்த காலத்தில் ஒரே நாளில் என் கை வழியாகப் போன பணத்தை என் ஆயுளில் நான் சம்பாதித்ததில்லை. நூறு நோட்டு ஒரு கட்டு, பத்துக் கட்டு ஒரு பண்டில் என்று ஈர ஸ்பாஞ்சைத் தொட்டுத் தொட்டு எண்ணியே விரல் ரேகை தேய்ந்தவன். அந்தக் காலத்தில் கட்டுக்குக் கட்டு ஸ்டேப்ளர் பின் வேறு அடித்திருக்கும். பிரிக்கும்போது நகக்கண்ணில் ஏறும். இனி பின் அடிக்கக் கூடாது என்று 2001-இல் ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டபோது நாங்களெல்லாம் மனதுக்குள் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தோம். இப்படிப்பட்டவனிடம் பணம் எங்கிருந்து வருகிறது என்று ஒரு குழந்தை கேட்டால் சும்மா இருக்க முடியுமா? நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"உங்கப்பனுக்குத் தெரியாது கண்ணு. பணம் மரத்துல காய்க்காது, செடியில காய்க்கும்" என்று ஆரம்பித்தேன். பொய் இல்லை. நம் ரூபாய் நோட்டு மரக்கூழில் செய்த காகிதமே அல்ல, பருத்திப் பஞ்சில் செய்தது. அதனால்தான் சட்டைப் பையோடு துவைத்துக் காயப்போட்டாலும் ஓரளவுக்குப் பிழைத்து வருகிறது. கரிசல் காட்டில் பருத்தி வெடித்து நிற்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஊரே பருத்தி விளைவித்தும் ஊரில் பணம் இல்லாதது ஏன் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். அதைப் பேத்தியிடம் சொல்லவில்லை. அந்தப் பருத்திக் காகிதத்தை நாசிக், தேவாஸ், மைசூரு, மேற்கு வங்கத்தில் சால்பனி ஆகிய இடங்களில் அச்சடிக்கிறார்கள், காசு மட்டும் மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டாவில் தயாராகிறது என்று விளக்கமாகச் சொன்னேன். கண்ணை விரித்துக் கேட்டுக்கொண்டாள்.

அவள் காதில் விழுந்தது பஞ்சு என்ற ஒரு சொல்தான் என்பது சாயங்காலம் தெரிந்தது. என் மனைவியின் தலையணையைக் கத்தரித்து, உள்ளே இருந்ததை வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு, சப்பாத்திக் கட்டையால் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் தம்பி பக்கத்தில் பச்சைக் கிரேயானோடு காந்தி வரையத் தயாராக இருந்தான். "பணத்தைப் பத்திச் சொல்லித் தாரேன்னு இருக்கிற பணத்துக்கும் வேட்டு வச்சிட்டீங்களே" என்றாள் மனைவி. அது இலவம்பஞ்சுத் தலையணை. இலவம்பஞ்சு மரத்தில் காய்ப்பது. ஆக அன்று பேத்தி நடத்திய ஆராய்ச்சியின்படி பணம் மரத்தில்தான் காய்க்கிறது. மறுத்துப் பேச எனக்குத் தெம்பில்லை.

பேரனுக்கு நாலு வயது. அவன் கேள்வியெல்லாம் கேட்பதில்லை, முடிவைத்தான் சொல்வான். "பணம் செவுத்துல இருக்கு தாத்தா. உள்ள ஒரு மாமா உக்காந்து எண்ணி எண்ணிக் குடுக்கறாங்க." ஏ.டி.எம்.மைத்தான் சொல்கிறான். நியாயம்தானே? உள்ளே யாரோ கடகடவென்று எண்ணுகிற சத்தம் கேட்கிறது. பிறகு நோட்டு நாக்கை நீட்டுகிறது. அப்படி இல்லையடா என்று சொல்ல வாயைத் திறந்தவன் மூடிக்கொண்டேன். எங்கள் கிளையை ஒட்டி ஒரு ஏ.டி.எம். இருந்தது. அதன் பின்பக்கக் கதவைத் திறந்து, நூறுக்கு ஒரு பெட்டி, ஐந்நூறுக்கு ஒரு பெட்டி என்று நோட்டை அடுக்கித் தள்ளிவிட்டு வருவது எங்கள் வேலை. உள்ளே நின்று அடுக்கிக்கொண்டிருக்கும்போதே வெளியே நிற்பவர் பொறுமையிழந்து தட்டுவார். "அந்த மாமா நான்தான்டா" என்றேன்.

அன்றிலிருந்து வீட்டில் எனக்கு இருந்த மரியாதையே வேறு. ஊரிலிருந்து வந்த சம்பந்தியிடம்கூட "எங்க தாத்தா செவுத்துக்குள்ள இருந்தாங்க" என்று அறிமுகப்படுத்தினான். ஆனால் மரியாதை அதிக நாள் நிற்கவில்லை. "நம்ம வீட்டுச் செவுத்துல ஏன் தாத்தா வைக்காம விட்டீங்க?" என்று கேட்டான். என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அதே கேள்வியை அவள் வேறு வார்த்தையில் பல காலமாகக் கேட்டு வருகிறாள்.

தாம்பரத்தில் எங்கள் தெருமுனையில் அண்ணாச்சி ஒருவர் மளிகைக் கடை வைத்திருக்கிறார். கல்லாவுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பேசும் பெட்டி. மருமகள் போனை நீட்டி ஸ்கேன் செய்ததும் ஒரு பெண் குரல், "ஐம்பத்தைந்து ரூபாய் பெறப்பட்டது" என்று சுத்தத் தமிழில் அறிவிக்கும். அதற்குப் பிறகுதான் அண்ணாச்சி பொருளைக் கையை விட்டு விடுவார். யு.பி.ஐ. 2016-இல் வந்தது. என் பேரப் பிள்ளைகள் அதற்குப் பிறகு வந்தவர்கள். அப்பா பர்ஸைத் திறந்து அவர்கள் பார்த்ததே இல்லை. அதில் ஓட்டுநர் உரிமமும், எதற்கென்று தெரியாத பழைய லிஃப்ட் பாஸ் ஒன்றும் இருக்கின்றன. நோட்டைக் கொடுத்து மீதியை வாங்குவது என்ற ஒரு காட்சியே அவர்கள் உலகில் கிடையாது. கொடுப்பதை யாரும் பார்ப்பதில்லை. பெறப்பட்டது மட்டும் காதில் விழுகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹாலில் கடை போட்டார்கள். சாப்பாட்டு மேஜைமேல் துவரம்பருப்பு டப்பா, சீயக்காய், ஒரு செருப்பு, பாதி தின்ற வாழைப்பழம். நோட்டுப் புத்தகத் தாளில் கறுப்புக் கட்டமாகக் கிறுக்கி ஒட்டியிருந்ததுதான் க்யூ.ஆர். கோடு. தம்பி செத்துப்போன டி.வி. ரிமோட்டை அதன் முன்னால் காட்டுவான். உடனே அக்கா மேஜைக்கு அடியில் குனிந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு, "நூறு ரூபாய் பெறப்பட்டது" என்பாள். பிறகு எழுந்து கடைக்காரி ஆகி, செருப்பை எடுத்துக் கொடுப்பாள். நான் போய் ஒரு பத்து ரூபாய்க் காசை மேஜைமேல் வைத்து வாழைப்பழம் கேட்டேன். புரட்டிப் பார்த்தாள். "இது செல்லாது தாத்தா. ஜிபே பண்ணுங்க."

எனக்குச் சுருக்கென்றது. பத்து ரூபாய்க் காசு செல்லும், பதினான்கு வடிவத்தில் வந்திருக்கிறது, பதினான்கும் செல்லும் என்று 2018-லேயே ரிசர்வ் வங்கி அறிவித்துவிட்டது. இதைப் பேருந்திலும் பெட்டிக்கடையிலும் எத்தனையோ பேரிடம் எடுத்துச் சொல்லித் தோற்றவன் நான். கடைசியில் சொந்த வீட்டு ஹாலிலும் தோற்றேன்.

பேரனிடம் மட்டும் காசுக்கு மதிப்பு உண்டு. எண்ணிக்கைதான் அவனுக்குக் கணக்கு. பத்து ரூபாய் நோட்டைக் கொடுத்துவிட்டு மூன்று ஒரு ரூபாய்க் காசு வாங்கிக்கொண்டு, தாத்தாவை ஏமாற்றிவிட்டோம் என்று சிரிக்கிற வயசு. மூன்று, ஒன்றைவிடப் பெரியதுதானே? அவனுடைய இந்தக் கொள்கை எவ்வளவு உறுதியானது என்று சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது மருமகள் வந்துவிட்டாள். "பச்சப் பிள்ளைகிட்டயா மாமா?" என்றாள். நான் நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன். அவன் காசைத் திருப்பித் தர மறுத்துவிட்டான்.

எங்கள் சின்ன வயதில் பணம் எங்கிருந்து வருகிறது என்பதில் சந்தேகமே கிடையாது. அம்மாவின் அஞ்சறைப் பெட்டியில் கடுகுக்கும் சீரகத்துக்கும் அடியிலிருந்து வந்தது. மூக்கில் வைத்தால் வெந்தய வாசம் அடிக்கும் நாலணா. 1957-லேயே அணாவை ஒழித்து நயா பைசா கொண்டுவந்துவிட்டார்கள். ஆனாலும் எங்கள் ஊரில் 25 பைசாவுக்குக் கடைசி வரை நாலணா என்றுதான் பேர். 2011-இல் அது செல்லாமல் போனபோதும் நாலணாவாகத்தான் போய்ச் சேர்ந்தது.

எங்கள் தெருவில் எதிர்வரிசை வீடுகளில் தீப்பெட்டி ஒட்டுவார்கள். கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசிப் பக்கமெல்லாம் அது வீட்டு வேலை. திண்ணை முழுக்கப் பசைக் கிண்ணமும் மெல்லிய மரச்சீவல்களும். கூலி குரோஸ் கணக்கில். 144 பெட்டி ஒட்டினால் ஒரு குரோஸ். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பிள்ளைகளும் உட்கார்ந்துவிடும். உட்கார வேண்டும் என்பதற்காகவே பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப்படாத பிள்ளைகளும் உண்டு. என் வகுப்பில் பன்னிரண்டாம் வாய்ப்பாட்டைத் திக்காமல் சொன்னவர்கள் அந்தத் திண்ணைப் பிள்ளைகள்தான். வாத்தியார் பாராட்டுவார், அவர்கள் விரலில் காய்ந்த பசையை உரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வார்கள். பணம் எங்கிருந்து வருகிறது என்று அவர்கள் யாரையும் கேட்டதில்லை. இன்றைக்கு ஒரு குழந்தைக்கு அது தெரியாமல் இருக்கிறது, அதைச் சொல்லித்தர ஒரு தாத்தாவை உட்கார வைக்க வேண்டியிருக்கிறது என்றால், அந்த வீட்டுக்கு நல்ல காலம் என்றுதான் நான் சொல்வேன். பிள்ளைகளுக்குப் பணத்தின் அருமை தெரியவில்லை என்று புலம்புகிறவர்களோடு எனக்கு இதனால்தான் ஒத்துப்போவதில்லை. அருமை தெரிந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, உழைத்தால் பணம் வரும் என்று சொல்லித்தரலாம் என்றால் அதற்கும் வீட்டில் சாட்சி இல்லை. மகன் வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறான். கதவைச் சாத்திக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே லுங்கி. "அப்பா என்ன வேலை செய்யறாங்க?" என்று பள்ளியில் கேட்டதற்குப் பேத்தி, "எங்கப்பா 'யூ ஆர் ஆன் மியூட்'னு சொல்றாங்க" என்று பதில் சொல்லியிருக்கிறாள். அதைச் சொன்னால் மாதாமாதம் பணம் வருகிறது என்பது அவள் கணிப்பு. மகனுக்கு வருத்தம். நான் அவன் பேசுவதை ஒரு நாள் முழுக்க ஹாலில் இருந்து கேட்டுப் பார்த்தேன்; பிள்ளை ஒன்றும் இட்டுக்கட்டிச் சொல்லவில்லை.

அதே பள்ளியில் ஒரு தாள் கொடுத்து அனுப்பினார்கள். தேவை எது, ஆசை எது என்று பிரித்து டிக் அடிக்க வேண்டும். வீடு, சாப்பாடு, தண்ணீர், பொம்மை, ஐஸ்கிரீம். ஐஸ்கிரீமைத் தேவையில் போட்டுவிட்டாள். ஏனடி என்று என் மனைவி கேட்டதற்கு, "ஆச்சி, காபி இல்லாம என்னால முடியாதுன்னு நீங்க சொல்லுவீங்கள்ல? அந்த மாதிரி" என்றாள். ஆச்சியே கையெழுத்துப் போட்டுத் தாளைத் திருப்பி அனுப்பினாள்.

ஆச்சி விஷயத்தில் இன்னொரு சிக்கலும் வந்தது. வேலை செய்தால் சம்பளம் உண்டு என்பதைக் கண்ணால் காட்டுவோமே என்று, காலையில் பேப்பர் எடுத்துவந்தால் இரண்டு ரூபாய் என்று பேத்திக்குக் கூலி பேசினேன். வாங்கிக்கொண்டவள், சாம்பார் தாளித்துக்கொண்டிருந்த என் மனைவியைப் பார்த்து, "ஆச்சிக்கு யாரு சம்பளம் தர்றாங்க?" என்றாள். கடுகு வெடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. நான் பேப்பரில் தலையங்கத்தை உன்னிப்பாகப் படிக்கத் தொடங்கினேன்.

அந்த நேரம் பார்த்து வீட்டு வேலைக்கு வரும் பெண், தனக்குக் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை வந்துவிட்டது என்று போனில் குறுஞ்செய்தியைக் காட்டினாள். வீட்டில் பெண்கள் பார்க்கும் வேலையை மதித்து அரசு 2023 செப்டம்பரிலிருந்து மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கிறது என்று பேத்திக்கு எடுத்துச் சொன்னேன். "அப்ப ஆச்சிக்கும் வருமா?" வராது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டக் கூடாது. எங்கள் வீட்டில் மகன் சம்பளமும் என் பென்ஷனும் சேர்ந்து தாண்டுகிறது. இதை நான் முடிந்தவரை மென்மையாகச் சொன்னேன். அவள் சுருக்கமாகப் புரிந்துகொண்டாள். "தாத்தாவாலதான் ஆச்சிக்குப் பணம் வரலையா?"

"அப்படிக் கேளுடி என் ராசாத்தி" என்றாள் ஆச்சி. இவ்வளவு காலத்தில் என் மனைவிக்கு இப்படி ஒரு வக்கீல் கிடைத்ததில்லை.

பேத்தி எழுத்துக்கூட்டித் தமிழ் படிக்கத் தொடங்கியதும் ஒரு நூறு ரூபாய் நோட்டைக் கொடுத்து, "இதுல தமிழ் எங்க இருக்குன்னு கண்டுபிடி" என்றேன். பின்பக்கம் பதினைந்து மொழிகளில் மதிப்பு அடுக்காக எழுதியிருக்கும். தமிழ் கீழேயிருந்து மூன்றாவது வரி. விரலை வைத்துக்கொண்டே இறங்கி "நூ...று ரூ...பாய்" என்று கத்தினாள். எனக்கே கண் கலங்கியது. பிறகு முன்பக்கம் புரட்டி, காந்தி ஏன் சிரிக்கிறார் என்று கேட்டாள். 1946-இல் எடுத்த போட்டோ, பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரர் நின்றார், அவரை வெட்டிவிட்டுக் காந்தியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள் என்று சொன்னேன். "எல்லா நோட்டும் அவரோடதுன்னு சிரிக்கிறாரு" என்று தம்பி தீர்ப்புச் சொன்னான்.

அதோடு விட்டிருக்கலாம். கவர்னர் கையெழுத்துக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். இந்த நோட்டை வைத்திருப்பவருக்கு நூறு ரூபாய் தருவதாக அவர் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறார் என்றேன்.

"அவர்கிட்ட கொண்டுபோய்க் குடுத்தா என்ன தருவாரு?"

"நூறு ரூபாய் தருவாரு."

"அதான் நம்மகிட்டயே இருக்கே?"

பதவி உயர்வுக்காக வங்கித் தேர்வுகள் எழுதியிருக்கிறேன். இந்தக் கேள்வியை எந்த வினாத்தாளிலும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் கேஷியராகவே ஓய்வு பெற்றிருப்பேன். அப்படித்தான் ஓய்வு பெற்றேன், அது வேறு விஷயம்.

பேத்தி பேரில் தபால் நிலையத்தில் செல்வமகள் சேமிப்புக் கணக்கு தொடங்கக் கிளம்பினோம். பத்து வயது ஆகாத பெண் குழந்தைக்குத்தான் அது. பெற்றவரோ சட்டப்படியான பாதுகாவலரோதான் கையெழுத்துப் போட முடியும் என்பதால் மருமகள் முன்னால், நான் துணைக்கு. பிறந்தநாளுக்கு வந்த ஐந்நூறு ரூபாய் நோட்டு ஒன்றைப் பேத்தி தன் கையிலேயே வைத்திருந்தாள். வரிசையில் நிற்கும்போது பார்த்தால் நோட்டின் வெள்ளை ஓரத்தில் கிரேயானில் சிவப்பாக ஒரு நட்சத்திரம். "நோட்டுல எழுதக் கூடாதும்மா" என்று பதறினேன். என் தொழில் தர்மம் அது. "எழுதலைன்னா திருப்பித் தரும்போது இது என்னோடதுன்னு எப்படித் தெரியும்?" என்றாள். எழுதினாலும் செல்லும் என்பதால் விட்டுவிட்டேன்.

கவுண்டரில் இருந்த அம்மா நோட்டை விளக்கில் காட்டிப் பார்த்து, இழுப்பறையில் போட்டு, ஒரு பாஸ்புக்கைக் கொடுத்தார். பேத்திக்கு முகம் சுருங்கிவிட்டது. பணத்தைக் கொடுத்துவிட்டுப் புத்தகத்தை வாங்குவது, அதுவும் படமே இல்லாத புத்தகம், எந்த ஊர் நியாயம்? எப்போது திருப்பித் தருவீர்கள் என்று அவரையே கேட்டாள். 21 வருஷம் கழித்து என்றார் அவர். இவள் விரல்விட்டு எண்ணத் தொடங்கி, கை இரண்டும் தீர்ந்து, என் கையை இழுத்துக்கொண்டிருந்தபோது அது நடந்தது. எங்களுக்குப் பின்னால் நின்ற பெரியவர் மாத வட்டி வாங்க வந்தவர். கவுண்டர் அம்மா இழுப்பறையைத் திறந்து, மேலே கிடந்ததை எடுத்து, அவர் கையில் வைத்தார். சிவப்பு நட்சத்திரம்!

"அது என் நோட்டு!"

தபால் நிலையமே திரும்பிப் பார்த்தது. மருமகள் தெரியாதவள் மாதிரி பாஸ்புக்கைப் படிக்கத் தொடங்கினாள். பெரியவர் நட்சத்திரத்தையும் பேத்தியையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப எனக்கு வட்டி குடுக்கிறது நீதானா பாப்பா?" என்று கும்பிட்டார். பேத்தி என்னிடம் திரும்பி, ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு உரக்கச் சொன்னாள்: "தாத்தா, நம்ம பணத்தை நம்மளக் கேக்காம வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க."

வங்கி என்பது என்ன என்று புதிதாக வேலைக்குச் சேரும் பையன்களுக்கு நான் அரை நாள் வகுப்பெடுத்திருக்கிறேன். இவ்வளவு தெளிவாக ஒருநாளும் சொன்னதில்லை. வரும் வழியில், கொடுத்த நோட்டு திரும்பி வராது, அதன் மதிப்புதான் வட்டியோடு வரும் என்று விளக்கினேன். அரசாங்கம் கடனாக வாங்கிக்கொண்டு செலவு செய்யும் என்றும் சொன்னேன். "அரசாங்கத்துக்கு வேலை இல்லையா? ஏன் என்கிட்ட கடன் வாங்குது?" என்றாள். மருமகள் ஆட்டோவைக் கூப்பிட்டாள். பையனுக்கு ஒன்றும் கிடையாதா என்று தம்பி அழுததால் பொன்மகன் பொதுவைப்பு நிதியைப் பற்றி விசாரித்து வைத்திருக்கிறோம். அவன் மூன்று ஒரு ரூபாய்க் காசை எடுத்து வைத்துவிட்டான்.

கடைசியில் பணம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பேத்திக்குக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் தெரு இஸ்திரி வண்டிக்காரர். வேப்பமரத்தடியில் வண்டி நிற்கும். துணி கொடுக்கப் போனவள் பக்கத்துக் காம்பவுண்டுச் சுவரில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். ஒரு சட்டையை உதறிப் போடுகிறார். தண்ணீர் தெளிக்கிறார். முதலில் காலர், பிறகு தோள்பட்டை, கை, கடைசியில் முதுகு. மடிக்கிறார். அடுத்த சட்டை. ஒரு உருப்படி பத்து ரூபாய். எதிர்வீட்டுக்காரர் எட்டு உருப்படி வாங்கிக்கொண்டு எண்பது ரூபாய் கொடுத்தபோது அவளே எண்ணிச் சரிபார்த்தாள். சட்டை வருகிறது, வேர்வை வருகிறது, பணம் வருகிறது. நடுவில் பெட்டி இல்லை, சுவர் இல்லை, குரல் இல்லை. "எல்லாம் எனக்கே இல்ல பாப்பா, கரிக்குப் போயிரும் கொஞ்சம்" என்று அவர் செலவுக் கணக்கையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். நாசிக்கும் சால்பனியும் செய்யாததைக் கரிப்பெட்டி செய்துவிட்டது.

ராத்திரி சாப்பிடும்போது அப்பாவைக் கேட்டாள்: "ஒரு மீட்டிங்குக்கு உங்களுக்கு எவ்வளவு?"

மகன் சிரித்தான். பிறகு மாதச் சம்பளத்தை மீட்டிங்குகளால் மனதுக்குள் வகுத்துப் பார்த்திருக்க வேண்டும். தோசையை வாய்க்குக் கொண்டுபோகாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தான். "சில மீட்டிங்குக்கு நான்தான்மா அவங்களுக்குக் குடுக்கணும்" என்றான்.

இனி எனக்கு வேலை இல்லை என்று நிம்மதியாக இருந்தேன். நவம்பர் வந்தது. ஓய்வூதியம் வாங்குகிறவன் வருஷத்துக்கு ஒருமுறை உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுக்க வேண்டிய மாதம். முன்பெல்லாம் கிளைக்கு நேரில் போக வேண்டும். என்னிடம் வேலை பழகிய பையன் அதிகாரி நாற்காலியில் இருந்துகொண்டு, "சார், உயிரோட இருக்கீங்கள்ல?" என்று கேட்டுவிட்டு முத்திரை குத்துவான். 2014-இல் ஜீவன் பிரமாண் வந்து எல்லாம் மின்னணு மயமானது. கைரேகை வைத்தால் போதும் என்றார்கள். எனக்குத்தான் நோட்டு எண்ணித் தேய்ந்த விரலாயிற்றே. கட்டை விரல், ஆள்காட்டி விரல் என்று மாற்றி மாற்றி வைத்தும் இயந்திரம் ஒத்துக்கொள்ளவில்லை. இப்போது முகத்தைக் காட்டினால் போதும், வீட்டிலேயே முடித்துக்கொள்ளலாம். மகன் என்னை ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்திப் போனைப் பிடித்தான். திரையில் ஒரு வட்டம். கண்ணைச் சிமிட்டச் சொன்னது. சிமிட்டினேன். ஏற்றுக்கொண்டது.

பிள்ளைகள் இரண்டு பேரும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இப்ப என்ன செஞ்சீங்க தாத்தா?"

"கண்ணைச் சிமிட்டினேன்."

"எதுக்கு?"

"சிமிட்டினாதான் மாசாமாசம் பணம் வரும்."

"எத்தனை சட்டை தேய்க்கணும்?"

"ஒண்ணும் வேண்டாம். உயிரோட இருந்தாப் போதும்."

வேப்பமரத்தடியில் அவள் கட்டியிருந்த பொருளாதாரம் சரிந்ததை அவள் முகத்தில் பார்த்தேன். பென்ஷன் என்பது முன்பு செய்த வேலைக்கு இப்போது வருவது, தாத்தா ஏற்கனவே நிறையத் தேய்த்துவிட்டேன் என்று நான் சமாதானம் சொல்லத் தொடங்குமுன் தம்பி, "நானும்தான் உயிரோட இருக்கேன்" என்றான். ஓடிப்போய் அந்த டி.வி. ரிமோட்டை எடுத்துவந்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, இரண்டு கண்ணையும் இறுக்கி மூடி மூடித் திறந்தான். அக்கா ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு மேஜைக்கு அடியில் குனிந்து மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆயிரம் ரூபாய் பெறப்பட்டது."

தம்பி ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு என் முன்னால் வந்து இரண்டு கையையும் நீட்டினான். "பெறப்பட்டதுன்னு சொல்லிட்டாங்க தாத்தா. எங்க பணம்?"